கடல் இனித்தால் காரணம் கேள்!



ரேஷன் கடையில் அரிசி எடை குறைந்தால் நாம் தராசைப் பார்க்கிறோம். மேஸ்திரி கொடுக்கும் கூலியில் இருபது ரூபாய் குறைந்தால் விரலை மடக்கிக் கணக்குக் கேட்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து, சொத்தை இருக்கிறதா என்று சோதிக்காமல் நம் வீட்டுப் பெண்கள் வாங்குவதில்லை. ஆகவே, சோதித்துப் பார்க்கும் புத்தி நமக்கு இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. அந்தப் புத்தி இல்லாதவன் ஊர்விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத நகரத்தில் ஒரு வாரம்கூடப் பிழைத்திருக்க மாட்டான்.

ஆனால், இரண்டு சொற்களைக் கேட்டால் மட்டும் நாம் அந்தத் தராசைக் கீழே வைத்துவிடுகிறோம். ஒன்று, "அதிசயம்". மற்றொன்று, "இயற்கையின் சீற்றம்". முதற்சொல் கூட்டத்தில் கிளம்பி வருகிறது. இரண்டாவது சொல் அதிகாரியின் மேசையிலிருந்து வருகிறது. இரண்டும் நமக்கு இடும் கட்டளை ஒன்றே: "காரணம் கேட்காதே!"

காரணம் கேட்காமல் இருப்பதற்கு ஏழை கொடுக்கும் விலை அதிகம். பணக்காரன் தவறாக நம்பினால் அவன் பணம் போகும். நாம் தவறாக நம்பினால் நம் பிள்ளை போகும். அதனால்தான் விஞ்ஞானம் என்பது கல்லூரிக்காரர்களின் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கண்ணாடிக் குடுவையும் வெள்ளை அங்கியும் மட்டுமே விஞ்ஞானம் அல்ல. ஏன் என்று கேட்பது, சோதித்துப் பார்ப்பது, சோதனை வேறுவிதமாகச் சொன்னால் எண்ணத்தை மாற்றிக்கொள்வது: இந்த மூன்றும் சேர்ந்த வழக்கமே விஞ்ஞானம்.

மாஹிமில் இனித்த கடல்

2006 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. மும்பையில் மாஹிம் கடல் நீர் உப்புக் கரிக்கவில்லை, இனிக்கிறது என்று மாலையில் ஒரு செய்தி கிளம்பியது. இரவோடு இரவாக ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கையால் அள்ளிக் குடித்தார்கள். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாஹிம் தர்காவில் அடங்கியிருக்கும் மகான் மக்தூம் அலி மாஹிமியின் அருள் இது என்றார்கள். குஜராத்தின் தீத்தல் கடற்கரையிலும் இதே பேச்சு எழுந்தது. குடிக்க வேண்டாம் என்று மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் எச்சரித்தன. கேட்டவர்கள் சிலர், கேளாதவர்கள் பலர்.

அந்த இடம் எது? விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறந்து, நகரத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, தாராவியின் ஓரமாக வரும் மித்தி ஆறு கடலில் கலக்கிற இடம். அந்த ஆற்றில் என்னென்ன ஓடுகிறது என்பது தாராவியில் வாழும் தமிழனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற நீரை, மாலையில் ஒருவன் "அதிசயம்" என்றதும் பிள்ளையின் வாயில் ஊற்றலாமா?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தியில் "மீட்டா பானி" என்றால் சர்க்கரை கரைத்த தண்ணீர் என்று பொருளல்ல. உப்பில்லாத நல்ல தண்ணீர் என்றே பொருள். ஆகக் கேட்கவேண்டிய கேள்வி, "கடல் ஏன் இனித்தது?" என்பதல்ல, "அந்த இடத்தில் உப்பு ஏன் குறைந்தது?" என்பதே. கேள்வியைச் சரியாகக் கேட்டாலே பாதி மர்மம் கலைந்துவிடுகிறது பார்த்தீர்களா?

நடந்த மாதம் ஆகஸ்ட், பருவமழைக் காலம். கரையோரப் பாறை இடுக்குகளில் சேர்ந்திருந்த நிலத்தடி நீர், வெடிப்பு அகன்று கடலுக்குள் பெருமளவில் வெளிப்பட்டிருக்கலாம் என்று மும்பை ஐ.ஐ.டி.யின் நிலவியல் அறிஞர்கள் விளக்கினார்கள். மழைவெள்ளத்தோடு ஆறு கொண்டுவந்து தள்ளிய நீரே காரணம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. உப்பு நீர் கனமானது, நல்ல நீர் இலேசானது; நல்ல நீர் வந்து சேர்ந்தால் உடனே கலந்துவிடாமல் சிறிது நேரம் மேலே மிதக்கும்.

நம்பவேண்டாம், செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து மூன்று ஸ்பூன் உப்பைக் கரையுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்காத, நன்றாக ஆறிய டீத்தண்ணீரை ஒரு ஸ்பூனின் முதுகில் மெல்ல வழியவிடுங்கள். டீத்தண்ணீர் தனி அடுக்காக மேலே நிற்கும். ஸ்பூனை விட்டுக் கலக்கினால் ஒன்றாகிவிடும். மாஹிம் கடல் உங்கள் வீட்டு டம்ளருக்குள் வந்துவிட்டது!

இரண்டு விளக்கங்களில் எது சரி என்பதைக் கூச்சல் போட்டுத் தீர்க்கவேண்டியதில்லை. கரையோரம் பல இடங்களில், பல ஆழங்களில் நீரெடுத்து உப்பை அளக்கலாம். கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம், மழை பெய்த நேரம் ஆகியவற்றோடு ஒப்பிடலாம். இரண்டு விளக்கங்களும் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லின: நீர் கலந்ததும் உப்பு திரும்பி வரும். மறுநாள் பிற்பகலில் அங்கே போனவர்கள் நீர் மீண்டும் கரிக்கிறது என்றார்கள். நல்ல விளக்கத்துக்கு இதுவே அடையாளம். அது தன் தலையைப் பந்தயம் வைக்கும். தவறினால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளும். "அருள்" என்ற விளக்கம் எதையும் பந்தயம் வைப்பதில்லை. நீர் இனித்தாலும் அருள், கரித்தாலும் அருள்! எது நடந்தாலும் பொருந்துகிற பதில் எதையும் விளக்காத பதில்.

ஆபத்து எங்கே இருந்தது? உப்புக் குறைந்ததால் கிருமி குறைந்துவிடவில்லை. நம் நாக்குக்கு உப்புத் தெரியும். காலராக் கிருமி தெரியாது, மஞ்சள் காமாலைக் கிருமி தெரியாது. நாக்கு எட்டாத இடத்தில் நமக்கு வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத்தான் பரிசோதனை என்கிறோம்.

செங்கல்லும் பால் குடிக்கும்

இதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பு, 1995 செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தில்லியில் விடியுமுன் கிளம்பிய பேச்சு, பகலுக்குள் நாடெங்கும் பரவி வெளிநாடுகளுக்கும் போய்விட்டது. கோயில்களில் மைல் கணக்கில் வரிசை. மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? பாலில் நிறம் கலந்து ஸ்பூனில் நீட்டினார்கள். ஸ்பூன் காலியாயிற்று, ஆனால் நிறம் சிலையின்மீது மெல்லிய படலமாக வழிந்து இறங்கியதைக் கண் பார்த்தது. நீர்மத்தின் மேற்பரப்பு மெல்லிய தோல்போல இழுபட்டு நிற்கிறது. விளிம்புவரை நிரம்பிய ஸ்பூன் ஈரமான கல்லைத் தொட்டதும், அந்த இழுப்பே பாலை வெளியே கொண்டுவருகிறது. பிறகு கீழே இழுப்பது பூமியின் ஈர்ப்பு. ஈரமான செங்கல்லின் முனையில் ஸ்பூனைத் தொட்டுப் பாருங்கள், செங்கல்லும் குடிக்கும்.

பிள்ளையாரை வணங்குபவர் வணங்கட்டும்; அது இங்கே வழக்கல்ல. பாலுக்கு ஏங்கும் பிள்ளைகள் உள்ள நாட்டில், அன்று எத்தனை பால் சாக்கடையில் போனது என்பதே நம் வழக்கு. ஒரு சொட்டு நிறத்தை விட்டுப் பார்த்திருந்தால் அந்தப் பால் மிஞ்சியிருக்கும்.

பாதிரியார் தேடிய உண்மை

காரணம் கேட்பதால் எத்தனை உயிர் மிஞ்சும் என்பதற்குச் சரித்திரத்தில் பெரிய சாட்சி காலரா நோய். 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்றைய பெரிய வைத்தியர்கள் சொன்னார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் ஏற்கவில்லை. யார் யார் செத்தார்கள், எந்தக் குழாயில் நீரெடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். சாவுகள் பிராட் வீதியின் கைப்பம்பைச் சுற்றியே குவிந்து கிடந்தன. அதே வட்டாரத்தில் மதுபான ஆலைத் தொழிலாளர்களுக்கு நோயில்லை; அவர்கள் அந்தப் பம்பு நீரைக் குடிப்பதில்லை. வெகுதூரத்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி இறந்தார்; அவருக்கு அந்தப் பம்பு நீரின் ருசி பிடித்துப்போய்த் தினமும் வரவழைத்துக் குடித்திருந்தார்! காற்று காரணமென்றால் இவ்விரண்டையும் எப்படி விளக்குவது? செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்நோ மறைக்காமல் எழுதினார். தனக்குச் சாதகமில்லாததையும் சொல்வது விஞ்ஞானத்தின் நாணயம்.

இன்னும் ஒன்று கேளுங்கள். அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்நோ சொல்வது தவறு என்று காட்டவே விசாரணையில் இறங்கினார். விசாரிக்க விசாரிக்க, ஸ்நோ சொன்னது சரியென்று கண்டார். நோயுற்ற ஒரு குழந்தையின் துணியை அலசிய நீர், பம்புக்கு அருகிலிருந்த மலக்குழிக்குள் போனதையும் அவரே கண்டுபிடித்தார். காரணம் கேட்பது கடவுள் நம்பிக்கைக்கு விரோதம் என்று சொல்பவர்கள் இந்தப் பாதிரியாரைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்கள்?

இது வெள்ளைக்காரன் கதைதானே என்று ஒதுக்கவும் வழியில்லை. 1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கல்கத்தாவின் குளத்து நீரில் கண்டார். அந்தக் கிருமி குடலில் உண்டாக்கும் நஞ்சே உடம்பின் நீரை வெளியேற்றுகிறது என்று 1959இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. 1971இல் வங்கதேசப் போரின்போது பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நேரத்தில், டாக்டர் திலீப் மஹாலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர்களையே டம்ளரில் ஊட்டச் சொன்னார். அதுவரை நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பையும் நீரையும் நன்றாக உறிஞ்சும் என்ற ஆராய்ச்சி முடிவே அந்தப் பீப்பாய்களில் இருந்த மருந்து.

தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ளட்டும்: கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. பிள்ளைக்கு வயிறு போனால் இதை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு போகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நம் பாட்டிமார் முட்டாள்கள் அல்லர். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல் தடுத்தது அனுபவம் தந்த நல்ல புத்தி. ஆனால் அம்மன் இறங்கினாள் என்ற விளக்கத்தோடு நின்ற நூற்றாண்டுகளில் பெரியம்மை போகவில்லை. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றியிருப்பவர்களுக்குத் தடுப்பூசி போட்டபோதுதான் போயிற்று. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அம்மனும் இருக்கிறாள், ஆடித் திருவிழாவும் நடக்கிறது. பெரியம்மை மட்டும் இல்லை!

இயற்கை எது? மனிதன் செய்தது எது?

இனி இரண்டாவது சொல்லுக்கு வருவோம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில், அதே நகரத்தின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பெய்தது சுமார் 73 மில்லிமீட்டர். மகாராஷ்டிரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் யாராக இருப்பார்கள் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? "இயற்கையின் சீற்றம்" என்றார்கள்.

ஆம், மழை இயற்கைதான். 944 மில்லிமீட்டரை எந்த மந்திரியும் பெய்விக்கவில்லை. ஆனால் விசாரணையை அங்கே நிறுத்தலாமா? மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென்று கட்டப்பட்ட பழைய வடிகால்கள் இயற்கையா? கடல் ஏறும் நேரத்தில் அந்த வடிகால்களின் வாய் அடைபட்டு, நீர் வெளியேற வழியில்லாமல் போகும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? வடிகாலின் கொள்ளளவை இரட்டிப்பாக்கவேண்டும் என்று 1993இலேயே அறிக்கை கொடுத்திருந்தும், வெள்ளம் வந்து பிணங்கள் மிதந்த பிறகே அந்த வேலைக்குப் பெரும்பணம் வந்ததே, அது இயற்கையா? விமான நிலையத்துக்காக மித்தி ஆற்றை வளைத்ததும், பாந்திரா-குர்லா பகுதியில் சதுப்பு நிலத்தை மேடாக்கி மாளிகைகள் கட்டியதும் இயற்கையா? ஆற்றோரக் குடிசைகளும் குப்பையும் ஆற்றைக் குறுக்கின என்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் அந்த உண்மையை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, மற்றவற்றைச் சிறிய எழுத்தில் எழுதுவது விஞ்ஞானம் ஆகாது. சான்று என்றால் எல்லோர்மீதும் ஒரே வெளிச்சம் விழவேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் வந்தது. எலியின் மூத்திரம் கலந்த நீரில் நடந்தால், காலிலுள்ள சிறு புண் வழியே கிருமி உடம்பில் ஏறும். காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டிக் காலம் கடத்தினால் ஈரலும் சிறுநீரகமும் கெடும். காரணம் தெரிந்தால் வெள்ளத்தில் நடந்தவர் டாக்டரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வார், உயிர் தப்பும். ஆனால் அதோடு கேள்வி முடிகிறதா? குப்பை ஏன் மாதக்கணக்கில் அள்ளப்படவில்லை, எலி ஏன் பெருகியது என்று அடுத்த "ஏன்" வருகிறது. கிருமியில் தொடங்கிய கேள்வி வார்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறது. நாம் கேட்பதைச் சிலர் விரும்பாததன் ரகசியம் இதுதான்!

"விஞ்ஞானியே மாற்றிப் பேசுகிறானே!"

சில படித்தவர்கள் சொல்கிறார்கள்: "விஞ்ஞானிகள் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்கள், அவர்களை எப்படி நம்புவது?" நாம் கேட்கிறோம்: தவறென்று தெரிந்தும் மாற்றிக்கொள்ளாதவனையா நம்பவேண்டும்? கெட்ட காற்று என்று சொன்ன வைத்தியமே பிறகு நீர் என்று திருத்திக்கொண்டது. திருத்தியதால் உயிர்கள் மிஞ்சின. விஞ்ஞானியை மனிதன் என்ற முறையில் நம்பவேண்டாம். அவனும் கூலி வாங்குபவன், கம்பெனிக்காகப் பேசுபவனும் உண்டு. அவன் காட்டும் சான்றைக் கேளுங்கள். வேறொருவர் அதையே செய்து பார்த்தாரா என்று கேளுங்கள். நம் சங்கத் தலைவர் சொன்னாலும், இந்தப் பத்திரிகை எழுதினாலும் அப்படியே கேளுங்கள்.

கேள்வி கேட்பது ஆபத்தில்லாத வேலையல்ல என்பதும் நமக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை வியாபாரிகளை எதிர்த்து வாழ்நாளெல்லாம் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டு கேட்ட சட்டம் அவர் இறந்த பிறகு அதே ஆண்டில் வந்தது. விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரிக்கும் உணர்வையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவாகச் சேர்த்தார்கள். ஏட்டில் கடமை; வீதியில் துப்பாக்கிக் குண்டு! துப்பாக்கி எடுத்தவனுக்குக் கேள்வியின் பலம் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நாம் செய்யவேண்டியது

கைபேசியில் ஓர் அதிசயச் செய்தி வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நேரில் பார்த்தவர் யார்? வேறு சாதாரணக் காரணம் இருக்க முடியாதா? நாமே சோதித்துப் பார்க்க வழியுண்டா? இதை நாம் நம்பினால் யாருக்கு லாபம்?

வெள்ளம், காய்ச்சல், கலங்கல் தண்ணீர் என்று எது வந்தாலும் அதே கேள்விகளை அதிகாரியிடமும் கேளுங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. நம் பகுதிக் குழாய் நீரை எப்போது சோதித்தீர்கள், முடிவு என்ன, சாக்கடையைக் கடைசியாக எந்தத் தேதியில் தூர் வாரினீர்கள் என்று எழுதிக் கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். ஒவ்வொரு வீதிக்கும் இரண்டு இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். எந்த வீட்டில், எந்தத் தேதியில், யாருக்கு வயிறு போயிற்று, எந்தக் குழாய் நீர் என்று குறித்துவரட்டும். ஜான் ஸ்நோ செய்தது அவ்வளவுதான். அதற்குப் பட்டம் வேண்டாம். பென்சிலும் பொறுமையும் போதும். அந்த நோட்டோடு போய் நின்றால் வார்டு ஆபீஸில் எவனும் "எல்லாம் இயற்கை" என்று கை விரிக்க முடியாது.

பிள்ளை "ஏன் அப்பா?" என்று கேட்டால் "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். விடை தெரியாவிட்டால், "வா, இருவரும் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். தராசைப் பார்த்து அரிசி வாங்கும் நாம், தராசைப் பார்த்தே உண்மையையும் வாங்குவோம்.

கடல் இனித்தாலும் காரணம் கேட்போம்! வெள்ளம் வந்தாலும் கணக்குக் கேட்போம்!